பெயரைப் பார்த்துத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறார்களா? ஒரு தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு அவசரமாகப் பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கி வாசிக்கிறேன்.

"நானும் என் நண்பனும் ஒரே கல்லூரியில் பி.இ. முடித்தோம். மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே கம்பெனிகளுக்குத்தான் ரெஸ்யூமே அனுப்புகிறோம். அவனுக்கு அழைப்பு வருகிறது, எனக்கு வருவதில்லை. எனக்கு வந்த இரண்டு இன்டர்வியூவிலும் 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று கேட்டார்கள். பதில் சொன்ன பிறகு பேச்சு மாறிவிட்டது. இது நானாக நினைத்துக்கொள்வதா, உண்மையா? இதை யாராவது ஆராய்ந்து நிரூபித்திருக்கிறார்களா? ரெஸ்யூமேயில் ஊர்ப்பெயரை எடுத்துவிடலாமா?"

தம்பி, நீங்கள் நினைப்பது கற்பனை இல்லை. ஆனால் உங்கள் ஒருவருடைய விஷயத்தில் அதை நிரூபிக்க முடியுமா என்றால், அநேகமாக முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் முடியாது? உங்கள் நண்பருக்கு அழைப்பு வந்ததற்கு வேறு பத்துக் காரணம் சொல்ல முடியும். அவர் ஒரு நாள் முன்னால் அனுப்பியிருக்கலாம். அந்தக் கம்பெனியில் அவருடைய சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் இருக்கலாம். "சாதியைப் பார்த்துத்தான் கூப்பிடவில்லை" என்று எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்காது. இரண்டு மனிதர்களை ஒப்பிட்டால் எப்போதும் ஏதாவது ஒரு வித்தியாசம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பெயரைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு ஆட்களைக் காகிதத்தில் உருவாக்கிவிட்டார்கள்.

இதில் ரொம்பப் பேசப்பட்ட ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் செய்தது. முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். 2001, 2002 வாக்கில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 ரெஸ்யூமே அனுப்பினார்கள். எல்லாமே கற்பனை ஆட்கள். எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிரூபணமே அதில்தான் இருக்கிறது.

பிறப்புப் பதிவேடுகளை எடுத்து, வெள்ளையர் குடும்பங்களில் மட்டும் அதிகம் வைக்கப்படும் பெயர்கள் எவை, கறுப்பினக் குடும்பங்களில் அதிகம் வைக்கப்படும் பெயர்கள் எவை என்று பிரித்தார்கள். எமிலி, கிரெக் ஒரு பக்கம். லகிஷா, ஜமால் இன்னொரு பக்கம். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பொதுவாக நான்கு ரெஸ்யூமே போகும். அதில் இரண்டு நல்ல அனுபவம் உள்ளவை, இரண்டு சுமாரானவை. எந்த ரெஸ்யூமேக்கு எந்தப் பெயர் என்பதைக் குலுக்கல் மாதிரி போட்டார்கள். யாருக்கு அழைப்பு வருகிறது என்று பார்க்கத் தனித்தனித் தொலைபேசி எண்களில் குரல் பதிவு வைத்தார்கள். அவ்வளவுதான். அப்புறம் எண்ண வேண்டியதுதான் பாக்கி.

வெள்ளையர் பெயர் போட்டால் சுமார் 10 ரெஸ்யூமேக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினப் பெயர் போட்டால் சுமார் 15-க்கு ஒன்று. வெள்ளையர் பெயரால் கிடைத்த கூடுதல் அழைப்பு, 8 வருடக் கூடுதல் அனுபவத்துக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். என்னை இதைவிட அதிகமாகப் பாதித்தது வேறொன்று. ரெஸ்யூமேயின் தரத்தை உயர்த்தினால் வெள்ளையர் பெயருக்கு அழைப்பு நன்றாகக் கூடியது, கறுப்பினப் பெயருக்கு அந்த அளவுக்குக் கூடவில்லை. அதாவது ஒருவர் கூடுதலாகப் படித்து, சான்றிதழ் வாங்கி, தன்னை மேம்படுத்திக்கொண்டாலும் அதற்கான பலன் அவருக்குக் குறைவாகத்தான் கிடைத்தது. "நல்லா படி, எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். அதைச் சொல்லும்போதெல்லாம் இந்த முடிவு எனக்கு நினைவுக்கு வருகிறது.

சரி, அது அமெரிக்கா. இந்தியாவில்?

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரம் இதே வேலையை இங்கே செய்தார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் துறை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். கல்வித் தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு: உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. முடிவுகள் 2007-இல் வெளிவந்தன.

நம்ம சென்னையிலும் ஆய்வு நடந்திருக்கிறது. ஜஹ்ரா சித்திக் என்ற ஆய்வாளர் செய்து 2011-இல் வெளியிட்டது. அதில், தாழ்த்தப்பட்ட சாதியினர் என்று தெரிகிற பெயருக்கு அதே எண்ணிக்கையில் அழைப்பு வர வேண்டுமென்றால் 20 சதவீதம் கூடுதலாக ரெஸ்யூமே அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவர் 50 அனுப்பினால் இன்னொருவர் 60 அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 ரெஸ்யூமே, அதற்கான காத்திருப்பு, வீட்டில் "இன்னும் ஒண்ணும் வரலையா?" என்று கேட்கிற கேள்வி, எல்லாம் ஒருவருடைய தலையில் மட்டும் விழுகிறது. ஆள் எடுப்பவர் ஆணாகவோ இந்துவாகவோ இருந்த இடங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது. இது முக்கியமான தகவல். "கம்பெனிக்கு எது லாபம் என்று கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள், வெறுப்பு எதுவும் இல்லை" என்று சிலர் வாதாடுவார்கள். அது வெறும் கணக்காக இருந்தால், முடிவெடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை இப்படி மாறக் கூடாது.

இதற்கு எதிரான சான்றையும் சொல்லியாக வேண்டும், மறைக்கக் கூடாது. பெர்ட்ராண்ட், முல்லைநாதன் இருவரும் அபிஜித் பானர்ஜி, சௌகதோ தத்தா ஆகியோரோடு சேர்ந்து டெல்லி வட்டாரத்தில் ஓர் ஆய்வு நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். சாஃப்ட்வேர் வேலைகளில் சாதிப் பெயரால் பாகுபாடு இருந்ததாக அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. கால் சென்டர் வேலைகளில் கிடைத்தது, குறிப்பாகப் பிற்படுத்தப்பட்ட சாதிப் பெயர்களுக்கு. முஸ்லிம் பெயர்களுக்கு எதிராகவும் அவர்கள் பாகுபாடு காணவில்லை.

ஒரே ஊர், ஒரே காலம், ஏன் இந்த வேறுபாடு? சாஃப்ட்வேர் வேலையில் உங்களுக்கு என்ன தெரியும் என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். புரோகிராம் ஓடுகிறதா, இல்லையா என்பது தெரிந்துவிடும். கால் சென்டரில் "பேச்சு எப்படி, பழக்கவழக்கம் எப்படி" என்று பார்க்கிறார்கள். அதற்கு அளவுகோல் கிடையாது. அளவுகோல் இல்லாத இடத்தில், எடுப்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கிற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என்னுடைய அனுபவத்திலும் இதுதான் உண்மை.

அந்த அனுபவத்தைச் சொல்கிறேன். கற்பிக்க வருவதற்கு முன்னால் நான் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற குழுவில் இருந்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எழுத்துத் தேர்வில் மேலே இருந்த ஒரு பையன் நேர்முகத்துக்கு வந்தான். சட்டைக் காலர் தேய்ந்திருந்தது, ஆனால் பளிச்சென்று இஸ்திரி போட்டு வந்திருந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். கடைசியில் குழுவில் இருந்த மூத்தவர், "அப்பா என்ன பண்றார்? சொந்த ஊர் எது? அதில் எந்தத் தெரு?" என்று கேட்டார். அவன் தெருப் பெயரைச் சொன்னான். அவன் வெளியே போன பிறகு மதிப்பெண் தாளில், "கம்யூனிகேஷன்" என்ற கட்டத்தில் பத்துக்கு மூன்று விழுந்தது. பக்கத்தில் பென்சிலில் "நம்ம டீமுக்கு செட் ஆகாது" என்று எழுதினார். நான் எட்டு போட்டிருந்தேன். கூட்டிப் பார்த்தால் அவன் பட்டியலுக்குக் கீழே போய்விட்டான். "என்ன செட் ஆகாது சார்?" என்று நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

உங்களிடம் இன்டர்வியூவில் கேட்டதும் அதே கேள்விதான், தம்பி. "ஊரில் எந்தப் பக்கம்?" ஊர்த்தெருவா, காலனியா என்று நேராகக் கேட்க முடியாது, அதனால் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லாருமே அந்த எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று சொல்லவில்லை. சிலர் பேச்சுக்காகவும் கேட்பார்கள். ஆனால் பெரிய கம்பெனிகளே இதை ஒரு வழக்கமாக வைத்திருக்கின்றன என்பதற்கு ஆய்வு உண்டு. சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லிப் பக்கம் 25 நிறுவனங்களின் ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். திறமையைத்தான் பார்க்கிறோம், சாதி பார்ப்பதில்லை என்று சொன்ன அவர்களே, குடும்பப் பின்னணி கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அஸ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் டெல்லியில் பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடிய மாணவர்களிடம் பேசியபோது, தலித் மாணவர்களிடம் இடஒதுக்கீடு பற்றி உன் கருத்து என்ன என்றெல்லாம் இன்டர்வியூவில் கேட்டிருப்பது தெரியவந்தது.

நம்ம ஊரில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அது பெரிய விஷயம். வடக்கே போனால் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும், இங்கே பெரும்பாலும் இனிஷியலோடு நின்றுவிடுகிறது. அதை நான் பெருமையாகவே சொல்வேன். ஆனால் பெயரில் தெரியாததைத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்குத் தெரு இருக்கிறது, அப்பாவின் தொழில் இருக்கிறது, படித்த பள்ளி இருக்கிறது. ரெஸ்யூமே ஆய்வுகள் முதல் வாசலை மட்டும்தான் அளக்கின்றன. அழைப்பு வந்ததா, இல்லையா என்பதோடு முடிந்துவிடும். இன்டர்வியூ அறைக்குள் நடப்பது அந்தக் கணக்கில் வராது. விளம்பரமே கொடுக்காமல், தெரிந்தவர் மூலம் நிரப்பப்படும் வேலைகளும் வராது. அதில் யாருக்கு யாரைத் தெரியும் என்பதே சாதியைப் பொறுத்துத்தானே இருக்கிறது? அதனால் சென்னை ஆய்வில் வந்த அந்த 20 சதவீதத்தை மொத்த இடைவெளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கத் தோன்றும். அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சாதியால் பாகுபாடு கூடாது என்று சொல்வது அரசு வேலைக்கு. தனியார் கம்பெனி ஆள் எடுப்பதை அது கட்டுப்படுத்தாது. அதற்கென்று ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஊர்ப்பெயரை எடுத்துவிடலாமா?

அமெரிக்காவில் 2016-இல் வந்த ஓர் ஆய்வில், கறுப்பின அடையாளம் தெரியாதபடி மாற்றிய ரெஸ்யூமேக்களுக்கு 25 சதவீதம் அழைப்பு வந்தது. மாற்றாமல் அனுப்பியவற்றுக்கு 10 சதவீதம். ஆக, மறைத்தால் பலன் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊரை மறைத்துக்கொள்ளுங்கள் என்று என் வாயால் சொல்ல மனம் வரவில்லை. நடைமுறையில் ஒன்று செய்யலாம். ரெஸ்யூமேயில் முழு அஞ்சல் முகவரி இப்போது தேவையே இல்லை. கைபேசி எண், மின்னஞ்சல், மாவட்டம் போதும். அப்பா பெயர், தொழில், பிறந்த தேதி, மதம் எல்லாம் போட்டு ஒரு பழைய பயோடேட்டா மாதிரி இருக்கிறதல்லவா, கல்லூரியில் கொடுப்பார்களே, அதைத் தூக்கிப் போடுங்கள். அது மறைப்பது ஆகாது. வேலைக்குச் சம்பந்தம் இல்லாததை நீங்கள் கொடுக்காமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எங்கே அனுப்புவது என்பதும் முக்கியம். சென்னை ஆய்வில் உயர்சாதிப் பெயர்களுக்குச் சாதகம் இருந்தது சிறிய அளவில் இயங்கும் கம்பெனிகளில். பெரிய அளவில் இயங்கும் கம்பெனிகளில் தாழ்த்தப்பட்ட சாதிப் பெயர்களுக்குச் சாதகமாகவே இருந்தது. அமெரிக்காவில் 108 பெரிய நிறுவனங்களுக்கு 83,000 விண்ணப்பங்கள் அனுப்பிய ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. கறுப்பினப் பெயர்கள் இழந்த அழைப்புகளில் கிட்டத்தட்டப் பாதி, ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களால் மட்டுமே ஏற்பட்டது. ஆள் எடுப்பதை ஒரே மையத்தில் வைத்து நடத்துகிற நிறுவனங்களில் பாகுபாடு குறைவாக இருந்தது. எல்லாக் கதவும் ஒரே மாதிரி மூடியிருக்கவில்லை, தம்பி. எழுத்துத் தேர்வோ கோடிங் தேர்வோ முதலில் வைக்கிற இடங்களுக்கு முதலில் போங்கள்.

அப்புறம், இனி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதியில் எங்கே அனுப்பினீர்கள், என்ன பதில், இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள். உங்கள் நண்பரையும் அதே மாதிரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை "எந்தப் பக்கம்?" என்று கேட்டால், ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு, "சார், வேலைக்கு இடம் மாறி வர நான் தயார், அது பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். கேட்டவர் என்ன சொன்னார் என்பதையும் அதே நோட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம்.