பிளாட்டிபஸ்: பார்ப்பதற்குத்தான் வாத்து அலகு

[காட்சி: மேசைமேல் ஒரு காய்ந்த தோல்]

1799. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஷா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு தோலை உற்றுப் பார்க்கிறார். அடர்ந்த ரோமம், தட்டை வால், முகத்தில் வாத்தின் அலகு! எவனோ இரண்டு பிராணிகளை ஒட்டவைத்து ஏமாற்றுகிறானோ என்று அவருக்குச் சந்தேகம். தையலைத் தேடிக் கத்தரிக்கோலை எடுத்தார் என்றுகூடச் சொல்வார்கள். தையல் எதுவும் இல்லை. அதுதான் பிளாட்டிபஸ், தமிழில் வாத்தலகி.

"பாதி வாத்து, பாதி நீர்நாய்" என்று இன்றும் சொல்கிறோம். பாவம், அது யாரிடமும் எதையும் கடன் வாங்கவில்லை. அதன் வம்சம் மற்ற பாலூட்டிகளிடமிருந்து பிரிந்தே 16 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

[காட்சி: நீருக்கடியில், அலகு நெருக்கத்தில்]

சரி, அந்த அலகு எதற்கு? முதலில், அது வாத்தின் அலகுபோலக் கெட்டியானது அல்ல. ரப்பர் மாதிரி மெத்தென்ற தோல். மூழ்கும்போது பிளாட்டிபஸ் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். அப்புறம் இரை எப்படிக் கிடைக்கிறது? எந்த உயிரின் தசை அசைந்தாலும் அதிலிருந்து துளி மின்சாரம் கசியும். அதைப் பிடிக்க இந்த அலகில் சுமார் 40,000 மின் உணரிகள் இருக்கின்றன. தண்ணீரின் அசைவை அறியும் தொடு உணரிகள் தனி. தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போய், சேற்றில் புதைந்த புழுவையும் இறாலையும் கண்டுபிடித்துவிடும். பிடித்ததைக் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு மேலே வந்துதான் மெல்லும். அதுவும் பல்லால் அல்ல. வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் கிடையாது, அரைப்பதற்குக் கொம்புபோன்ற தட்டுகள்தான்.

[காட்சி: கரையோர வளைக்குள் தாய்]

முட்டை போடுமா, பால் கொடுக்குமா? இரண்டும்தான். இதை நம்பத்தான் ஐரோப்பிய அறிஞர்கள் படாதபாடு பட்டார்கள். 1820களில் பால் சுரப்பிகள் தெரியவந்ததும், பால் உண்டென்றால் முட்டை இருக்காது என்று பலர் வாதிட்டார்கள். 1884இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் வில்லியம் கால்டுவெல் முட்டையை நேரில் கண்டு தந்தி அடித்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் இதை முன்பே சொல்லியிருந்தார்கள். காதில் வாங்கிக்கொள்ள ஆளில்லை!

வழக்கமாக இரண்டு முட்டை. தோல்போன்ற ஓடு, சுமார் 10 நாள் அடைகாப்பு. தாய்க்கு முலைக்காம்பு இல்லை. வயிற்றுத் தோலில் பால் கசியும், குட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். முட்டையிடும் பாலூட்டிகள் இன்று இதுவும், உடம்பெல்லாம் முள் கொண்ட எக்கிட்னாக்களும் மட்டுமே.

கையில் பிடிக்கலாமா? வேண்டாம். ஆணின் பின்னங்காலில் விஷமுள் இருக்கிறது. மனிதர் சாகமாட்டார், ஆனால் வலி, மார்ஃபின் என்ற கடும் வலிநிவாரணி போட்டாலும் அடங்காது, வாரக்கணக்கில் இழுக்கும். இனப்பெருக்கக் காலத்தில்தான் விஷம் அதிகம் சுரக்கிறது என்பதால், இது முக்கியமாகப் போட்டி ஆண்களுக்கு எதிரான ஆயுதமாக இருக்க வேண்டும்.

[காட்சி: அந்தி நேர ஓடை]

பார்க்க ஆசை என்றால் கிழக்கு ஆஸ்திரேலியாவிலோ டாஸ்மேனியாவிலோ, விடியலிலோ அந்தியிலோ, ஓடைக்கரையில் சத்தமில்லாமல் நில்லுங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்க மேலே வரும். சட்டென மறுபடி மூழ்கிவிடும்.