கோனில் நாசில்: எந்த விட்டம், எந்தச் சாய்வு?

அடுத்த கேள்வி சிங்கப்பூர் ஜூரோங்கிலிருந்து. ஃபேப்ரிகேஷன் யார்டு ஒன்றில் டிசைன் பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, வெசலின் (அழுத்தக் கலத்தின்) அடிப்பாகம் கோன். அதன் பக்கச் சுவரில் ஒரு நாசில் (குழாய் இணைக்கும் வாய்) வருகிறது. நாசில் துளைக்கு ஈடுகட்டும் கணக்கில் வரும் சுவர்க் கனத்துக்கு கோனின் பெரிய முனை விட்டத்தை எடுத்தேன், சரியா? நாசிலைக் கிடைமட்டமாக வைத்தால் ஏதாவது மாறுமா?"

முதல் பாதி எளிது. பெரிய முனையை எடுத்தால் ஆபத்தில்லை, இரும்புதான் வீண். அழுத்தக் கலங்களுக்கான அமெரிக்க விதிநூலான ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8, டிவிஷன் 1, யூஜி-37 என்ற பத்தி கேட்பது வேறு: நாசிலின் அச்சு கோனின் உட்சுவரைத் துளைக்கும் இடத்து விட்டம். 10 பார் அழுத்தம், அரைக்கோணம் (கோன் சுவர் வெசல் அச்சோடு செய்யும் கோணம்) 30 டிகிரி, அனுமதித்த தகைவு 138 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவுக்கான கூடுதலை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பெரிய முனை 2000 மி.மீ. என்றால் தேவையான கனம் 8.4 மி.மீ. நாசில் உட்காரும் இடத்தில் விட்டம் 1000 என்றால் 4.2தான். துளையால் போன இரும்புக்குப் பதில் அதைச் சுற்றி இரும்பு வேண்டும்; 150 மி.மீ. துளைக்கு அப்படி ஈடுகட்ட வேண்டிய பரப்பு (துளை நீளம் × கனம்) 1260 சதுர மி.மீ.யிலிருந்து 630க்கு இறங்கிவிடும்.

இரண்டாம் பாதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்த 630, நாசில் கோன் சுவருக்குச் செங்குத்தாக நின்றால் மட்டுமே. கிடைமட்டமாக வைத்தால் 30 டிகிரி சாய்கிறது. துளை நீள்வட்டமாகி நீளம் 173 ஆகும், பரப்பு 727. வெசல் அச்சுக்கு இணையாக நேரே கீழே இறக்கினால் நீளம் 300! மிச்சம் பிடித்தது அத்தனையும் போயிற்று.

உருளையில் ஹில்சைடு நாசில் (மையத்தை விட்டு விலகி, சுவரில் சாய்வாகச் சேருவது) போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு துணிச்சல் இருக்கும். அங்கே துளை சுற்றுவட்டத் திசையில் நீள்கிறது. பேட் (துளையைச் சுற்றி ஒட்டும் பலத்தகடு) இல்லாமல் நாசிலுக்குத் தடித்த கழுத்தே போட்டால் அந்தத் தளத்துக்கு எஃப் காரணியை (தேவையான பரப்பைப் பெருக்கும் எண்ணை) 0.5 வரை குறைக்கலாம். கோனில் துளை சரிவின் வழியே நீள்கிறது. வளையத் தகைவு (சுவரைச் சுற்றுவட்டமாக இழுக்கும் தகைவு) முழுசாக இழுக்கும் தளம் அதுதான், எஃப் 1.0. சலுகையே கிடையாது.

அதனால் முடிந்தவரை சுவருக்குச் செங்குத்தாக வையுங்கள், வெளியே வந்ததும் எல்போ போட்டுத் திருப்பிக்கொள்ளலாம். வெல்டருக்கும் நிம்மதி. நேரே இறக்கிய நாசிலில் ஒரு பக்க இடுக்கு 30 டிகிரிதான், டார்ச் உள்ளே போகாது.

அப்புறம், கோனும் ஷெல்லும் (வெசலின் உருளைப் பகுதியும்) சேரும் இடத்தை ஒட்டி நாசிலை வைக்காதீர்கள். அந்த இணைப்புக்கே பலம் தேவைப்படும். அங்கே கணக்குக் காட்டிய இரும்பை நாசிலுக்கும் எழுத முடியாது.

இன்னொன்று, பேட். துவாஸில் நான் வேலை செய்த ஒரு யார்டில் பேட்டை ஒரே ஆரத்தில் உருட்டிவிட்டார்கள். கீழே கச்சிதமாக உட்கார்ந்தது, மேல் விளிம்பில் என் சுண்டுவிரல் நுழைந்தது. கோனில் மேலே போகப் போக ஆரம் பெருகும் அல்லவா! ஃபோர்மேன் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோன் உருட்டியபோது மிஞ்சிய துண்டிலிருந்தே புதுப் பேட் வெட்டினோம்.