ஒரே ஆள் இருக்கும் நூலகத்தில் நூலகருக்குப் பயிற்சி எப்படி?

[திரையில்: கடலூர் மாவட்ட வரைபடம். கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.]

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஏதாவது ஒரு ஊர்ப்புற நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். காலையில் கதவைத் திறப்பவர், நாளிதழ்களை மேசையில் வைப்பவர், புத்தகம் கொடுத்து வாங்குபவர், பதிவேடு எழுதுபவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நூலக அறிவியலில் சான்றிதழோ பட்டமோ வாங்கித்தான் அவர் வேலைக்கு வந்திருப்பார். வந்த பிறகு அவருக்குப் புதிதாக யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? இந்த வீடியோ அதைப் பற்றியதுதான்.

நூலகத் துறையின் பெரியவர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்தபோது அவர் ஒரு கணித ஆசிரியர். நூலகப் பயிற்சி எதுவும் கிடையாது. வேலையில் சேர்ந்த பிறகுதான் லண்டனுக்குப் போய்ப் படித்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்நின்றார். அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. வேலையில் இருந்துகொண்டே படிப்பது இந்தத் துறையில் தொடக்கத்திலிருந்தே உண்டு.

சரி, என்ன படிக்க வேண்டும்? பயிற்சி என்றதும் பலருக்கும் கணினிதான் நினைவுக்கு வருகிறது. கணினி வேண்டும்தான். ஆனால் முதலில் கற்க வேண்டியது வாசகரிடம் கேள்வி கேட்கும் கலை என்பது என் கருத்து.

[திரையில்: நூலக மேசை. ஒரு விவசாயி நூலகரிடம் பேசுகிறார்.]

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, "முந்திரி பத்திப் புத்தகம் இருக்குங்களா?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். "விவசாயம் அந்த அலமாரி" என்று கையைக் காட்டினால் அவர் இரண்டு புத்தகங்களைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். "எதுக்காகத் தேடுறீங்கண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் விஷயம் வெளியே வரும். பூக்கும் நேரத்தில் தளிரும் பூங்கொத்தும் கருகுகின்றன, அது தேயிலைக் கொசு என்ற பூச்சியின் வேலையா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் வந்திருக்கிறார். இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது என்று நூலகருக்குத் தெரியும். விருத்தாசலத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே முந்திரிக்கு ஆள் இருக்கிறார்கள் என்றும் சொல்லி அனுப்பலாம்.

வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு வேண்டியதைவிட அகலமாகத்தான் இருக்கும். கூச்சம் ஒரு காரணம். நூலகத்தில் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கலாம் என்று தெரியாதது இன்னொரு காரணம். இந்தப் பழக்கத்தைப் பாடப்புத்தகத்தில் படித்து வளர்க்க முடியாது. இரண்டு நூலகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசகராக, ஒருவர் நூலகராகப் பேசிப் பார்க்க வேண்டும். பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த பயிற்சிக்கு வேண்டிய பாடத்திட்டம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

அடுத்தது நம் கடற்கரைக்கே உரியது. 2011-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல். நனைந்த புத்தகத்தை என்ன செய்வது என்பது கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒவ்வொரு நூலகருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

[திரையில்: நனைந்த புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தும் கைகள்.]

நம் வெக்கையில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். ஊறிப்போன புத்தகத்தை வலுக்கட்டாயமாகத் திறக்கக் கூடாது, கிழிந்துவிடும். மொட்டை வெயிலிலும் போடக் கூடாது. தாள் சுருளும், அட்டை வளையும். ஓரளவு நீர் வடிந்ததும் அங்கங்கே அச்சில்லாத வெள்ளைத் தாள்களைச் செருக வேண்டும். அவை ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசிறிக் காற்று போதும். வழவழப்புத் தாளில் அச்சான புத்தகங்களை முதலில் கவனியுங்கள். அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. நிறைய நனைந்துவிட்டால் ஒரு பகுதியைப் பையில் போட்டு உறைய வைக்கலாம். பூஞ்சை வளராமல் நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். பழைய பேப்பருக்குப் போடும் புத்தகம் ஒன்றிரண்டில் செப்டம்பர் மாதமே இதைச் செய்து பார்த்துவிட்டால், மழை வரும்போது கை தானாக வேலை செய்யும்.

பார்வைக் குறைபாடு உள்ள வாசகருக்குச் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். ஒரு மதியம் உட்கார்ந்தால் அடிப்படையைக் கற்றுவிடலாம்.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். ஒரே ஆள் இருக்கும் நூலகத்தில் அவர் பயிற்சிக்குப் போனால் கதவு பூட்டு. அதனாலேயே பலர் போவதில்லை. "வார விடுமுறையில் போகட்டுமே" என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. அது அவருடைய ஓய்வு நாள். பயிற்சியும் வேலைதான், வேலை நேரத்தில்தான் நடக்க வேண்டும். இஃப்லா என்ற உலக நூலகக் கூட்டமைப்பின் வழிகாட்டுதலும் வேலை நேரத்தில் 10 சதவீதத்தைக் கற்றலுக்கு ஒதுக்கச் சொல்கிறது. நிறுவனத்தின் செலவுத் திட்டத்தில் அரை முதல் 1 சதவீதம் வரை இதற்கு வேண்டும் என்கிறது.

வாரம் 40 மணி நேர வேலை என்றால் 4 மணி நேரம். இப்போதைக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிய மாற்றம் வரும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் உள்ள ஐந்தாறு நூலகங்களுக்கு ஒரு மாற்று நூலகர் இருந்தால் ஒருவர் பின் ஒருவராகப் போய் வரலாம். அது வரும் வரை, வாசகர் வட்டத்தினர் இரண்டு பேர் அந்த மதியம் வாசிப்பு அறையைப் பார்த்துக்கொள்ளலாம். புத்தகம் கொடுப்பதை மட்டும் அன்று நிறுத்தி வைக்கலாம். அதிகாரிகளின் அனுமதியோடுதான், சந்தேகமில்லை.

பணம்? நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. அதில் ஒரு சிறு பங்கு நூலகரின் படிப்புக்கும் போக வேண்டும் என்று கேட்க வரி கட்டுகிற நமக்கு உரிமை உண்டு. கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை பயிலரங்குகள் நடத்தவும் நிதி உதவி செய்கிறது.

[திரையில்: கடலூர், சிதம்பரம், புதுச்சேரி மூன்றையும் இணைக்கும் கோடு.]

படிக்கும் இடங்களும் தொலைவில் இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுச்சேரியில் மத்தியப் பல்கலைக்கழகம், இரண்டிலும் நூலக அறிவியல் துறை இருக்கிறது. வீட்டிலிருந்து படிக்க ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணைய வகுப்புத் தளம் உண்டு. கோஹா என்ற நூலக மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக நிறுவிப் பழகலாம். அப்புறம், புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகம் இருக்கிறது. கடலூரிலிருந்து பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். இன்னொரு நூலகர் தன் மேசையில் எப்படி வேலை செய்கிறார் என்று அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பயிற்சிதான்.

உங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் நூலகரிடம் கேளுங்கள்: "உங்களுக்கு என்ன கத்துக்கணும், அன்னைக்கு நாங்க எத்தனை மணிக்கு வரணும்?"