ஜெயித்து ஜெயித்தே சலித்துப்போனவர்கள்: அனிமே பலசாலிகளுக்கு ஏன் ஒரு எதிரி வேண்டியிருக்கிறது?

வணக்கம் மக்களே. உலகத்தில் யாராலும் அசைக்க முடியாத ஒருத்தன், எந்த அரக்கன் வந்தாலும் ஒரே குத்தில் கதையை முடிக்கிறவன், தரையில் உட்கார்ந்து வீடியோ கேமில் தோற்றுக்கொண்டிருக்கிறான். அதுவும் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

[திரையில்: கன்ட்ரோலரோடு சைதாமா]

அந்த மூஞ்சியைப் பாருங்கள். கடுப்பு, வீம்பு, 'இன்னொரு தடவை ஆடலாம் வா' என்கிற வெறி. அரக்கர்களோடு சண்டை போடும்போது இதில் கால்வாசிகூட அவன் முகத்தில் இருக்காது. ஏன் என்பதுதான் இன்றைய வீடியோ. ஒன் பஞ்ச் மேன், ஜுஜுத்சு கைசென், ஹன்டர் ஹன்டர் மூன்றுக்கும் ஸ்பாய்லர் உண்டு, பிறகு வந்து திட்டக்கூடாது. இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிவிடுங்கள். சரி, உள்ளே போகலாம்.

ஒன் பஞ்ச் மேனின் ஹீரோ சைதாமா கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் வேகமாக ஓட்டுகிறேன். ஒன் என்ற புனைபெயரில் ஒருவர் 2009-இல் இணையத்தில் கிறுக்கலாக வரைந்து போட்ட காமிக்ஸ், 2012-இல் ஓவியர் முராட்டா கையில் அழகான மாங்காவாகி (ஜப்பானிய காமிக்ஸ், மாங்காய் இல்லை), 2015-இல் அனிமேயாக வந்தது. தினமும் 100 தண்டால், 100 சிட்-அப், 100 உட்கார்ந்து எழுதல், 10 கிலோமீட்டர் ஓட்டம், இப்படியே மூன்று வருஷம். பலம் வந்தது, முடி போனது. (அந்த அட்டவணையை நான் நான்கு நாள் செய்து பார்த்தேன். ஐந்தாவது நாள் பற்றிக் கேட்காதீர்கள்.)

முதல் எபிசோடிலேயே ஒரு கனவு வரும். பூமிக்கு அடியிலிருந்து வந்தவர்களோடு உடம்பெல்லாம் ரத்தமாகச் சண்டை போடுகிறான், நெஞ்சு படபடக்கிறது, ஆஹா இதைத்தானே இத்தனை நாளாகத் தேடினோம் என்று சிரிக்கிறான். விழித்துப் பார்த்தால் வெறும் கனவு. கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே அந்தக் கூட்டம் வந்து நிற்கிறது, இவனும் ஆசையாக வெளியே ஓடுகிறான், ஒரே குத்து, மிச்சப் பேர் வெள்ளைக்கொடி காட்டிவிட்டு வந்த வழியே போய்விடுகிறார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆசையாகப் போனவனுக்குத் தாம்பூலப்பை மட்டும் கொடுத்து அனுப்பியதுபோல அவன் முகம் ஆகிவிடும்.

முதல் சீசன் முடிவில் வரும் போரோஸுக்கும் இதே நோய்தான். தனக்குச் சமமாக ஒருத்தன் தொலைதூரக் கிரகத்தில் இருக்கிறான் என்று யாரோ சொன்ன ஆரூடத்தை நம்பி 20 வருஷம் விண்வெளியில் பயணம் செய்து வந்தவன். நம் ஊரில் ஜோசியம் கேட்டுப் பெண் தேடுவார்கள், இவன் ஜோசியம் கேட்டு எதிரி தேடியிருக்கிறான். சாகும் தறுவாயில் கிடக்கிறவனிடம் சைதாமா, 'நீ பலசாலிதான்' என்கிறான். போரோஸ் அதை ஏற்றுக்கொள்வதில்லை. பொய் சொல்கிறாய், உன்னிடம் இன்னும் பலம் மிச்சமிருந்தது, இது சண்டையே இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். எனக்கு அந்த 'நீ பலசாலிதான்' ரொம்பப் பிடிக்கும். பரிதாபப்பட்டுச் சொன்ன பொய், அதை எதிரி கண்டுபிடித்தும்விட்டான். இருவரும் ஒரே பசியோடு வந்தவர்கள், இரண்டு பேருமே வயிறு நிறையாமல் எழுந்துபோனார்கள்.

அதனால்தான் எனக்கு கிங் முக்கியம். உலகமே 'பூமியின் பலமான மனிதன்' என்று கொண்டாடுகிற கிங் உண்மையில் சண்டையே போடத் தெரியாத கேம் பைத்தியம். சைதாமா அரக்கர்களைக் கொன்றுவிட்டுப் போன இடங்களில் எல்லாம் தற்செயலாக நின்றிருந்ததால் பேர் இவனுக்கு வந்துவிட்டது. அவன் நெஞ்சிலிருந்து வருகிற 'டம் டம்' சத்தத்தைக் கேட்டு எதிரிகள் நடுங்குவார்கள், அது பயத்தில் அடிக்கிற அவனுடைய சொந்த இதயம். நிஜ பலசாலி அவன் வீட்டுக்கே வந்து உண்மையைத் தெரிந்துகொண்டும் போட்டுக்கொடுக்கவில்லை. கேம் விளையாட வருகிறான், தோற்கிறான், மறுபடி வருகிறான்.

என் கட்சி இதுதான். இந்தக் கதைகளில் உச்சத்தில் இருக்கிறவனுக்கு ரசிகர், சீடர், பயந்தவர் என்று எத்தனையோ பேர் சுற்றி இருப்பார்கள், பதிலுக்குப் பதில் கொடுக்க ஆள் இருக்காது. அவன் அடித்தால் பந்து திரும்பி வர வேண்டும். அது எந்த ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

டிராகன் பால் கோகு? பூமியை அழிக்க வந்த வெஜிடாவை, அப்புறம் ஒரு நாள் சண்டை போடலாமே என்று உயிரோடு அனுப்பச் சொன்ன ஆள். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? நகர்வோம்.

அடுத்து ஜுஜுத்சு கைசெனின் கோஜோ. எடிட்டர் தம்பி, அந்தக் கண்கட்டைக் கழற்றுகிற காட்சியைப் போடாதே, எல்லோரும் போட்டுவிட்டார்கள். எனக்கு வேண்டியது 2023-இல் வந்த இரண்டாவது சீசனின் ஆரம்பம், கோஜோவும் அவன் நண்பன் கேதோவும் சாபப் பேய்களை ஒழிக்கக் கற்றுத்தரும் பள்ளியில் மாணவர்களாக இருக்கும் பகுதி. கோஜோவின் சக்தியைச் சுருக்கமாகச் சொன்னால், அவனை நோக்கி வருகிற எதுவும் அவனை நெருங்க நெருங்க மெதுவாகி, கடைசிவரை தொடாமலே நின்றுவிடும். ஆரம்பத்தில் அதை அவனே போட்டு அவனே அணைக்க வேண்டும். தோஜி என்கிற கூலிக் கொலையாளியிடம் கத்திக்குத்து வாங்கிச் செத்துப் பிழைத்த பிறகு அதை எந்நேரமும் தானாக ஓடுகிற மாதிரி மாற்றிவிடுகிறான்.

அந்தச் சோதனைக் காட்சியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். கேதோவும் கூடப் படிக்கிற ஷோகோவும் அவன்மேல் ஒரு பென்சிலையும் ஒரு ரப்பரையும் எறிகிறார்கள். பென்சில் அந்தரத்தில் நிற்கிறது. ரப்பர் தலையில் பட்டுக் கீழே விழுகிறது. ஆபத்தானது எது, இல்லாதது எது என்று அவனுடைய சக்தியே பிரித்துப் பார்க்கிறது. எவ்வளவு ஜாலியான காட்சி! மூன்று பேர், ஒரு வகுப்பறை, எறிந்து விளையாட ரப்பர். ஆனால் 'நாம் இரண்டு பேரும்தான் பலசாலிகள்' என்று இருந்த கணக்கு அந்த நிமிஷத்தோடு 'நான் பலசாலி' என்று ஆகிவிட்டது, அது கேதோவுக்குத் தெரிகிறது, கோஜோவுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு கோஜோ தனியாகவே வேலைக்குப் போகிறான், கேதோவும் தனியாகப் போகிறான். கேதோ தன் சக்திக்காக அந்தச் சாபப் பேய்களை உருண்டையாக்கி விழுங்க வேண்டும், அதன் சுவை வாந்தி துடைத்த துணியை விழுங்குவது போல என்கிறான், இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் கோஜோ, மெலிந்துவிட்டாயே, பரவாயில்லையா என்று கேட்கிறான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறான் கேதோ. உடனே கோஜோ, சோமென் அதிகமாகச் சாப்பிட்டாயா என்று கிண்டல் பண்ணுகிறான். சோமென் என்பது ஜப்பானில் வெயில் காலத்தில் சாப்பிடுகிற மெல்லிய நூடுல்ஸ்.

முடிந்தது. அவ்வளவுதான் பேச்சு. அடுத்து அவன் கேள்விப்படுவது, கேதோ ஒரு கிராமத்தையே கொன்றுவிட்டான் என்று.

டோக்கியோவின் ஷிஞ்சுகு தெருவில் கேதோ கேட்கும் கேள்வி இருக்கிறதே, நீ கோஜோ சதோரு என்பதால் பலசாலியா, பலசாலி என்பதால் கோஜோ சதோருவா என்று, அதை எல்லோரும் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். எனக்கு அதற்கு அடுத்த சில வினாடிகள்தான். கேதோ முதுகைக் காட்டி நடக்கிறான். கோஜோ அடிக்கக் கையைத் தூக்குகிறான், அப்புறம் கையை இறக்கிவிடுகிறான். கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறான், யாரும் அவனைத் தொட முடியாது. அந்தச் சக்திக்கு இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டதா இல்லையா? பின்னாளில் அவன் வாத்தியார் ஆனதே தனக்கு இணையாக ஆட்களை வளர்க்கத்தான். (மாங்கா முடித்தவர்கள் கமெண்டில் வாயைத் திறக்கக் கூடாது, கெஞ்சிக் கேட்கிறேன்.)

சரி, இப்போது இந்த வீடியோவை நான் எதற்காக எடுத்தேனோ அதற்கு வருகிறேன். ஹன்டர் ஹன்டர் (Hunter × Hunter). நடுவில் இருக்கிற எக்ஸை வாசிக்கக் கூடாது, அது அழகுக்கு. மனிதர்களைத் தின்கிற கைமேரா எறும்புகளின் ராஜா மெருயெம், பிறக்கும்போதே தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவன். ஒரு நாட்டின் அரண்மனையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பெரிய படுகொலைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கிறான். நடுவில் பொழுது போகவில்லை. பலகை ஆட்டங்களில் சாம்பியன்களை வரவழைக்கிறான். புத்தகத்தைப் பார்த்து விதிகளைப் படித்துக்கொள்கிறான், கொஞ்ச ஆட்டத்தில் ஜெயித்துவிடுகிறான், தோற்றவரைக் கொன்றுவிடுகிறான். அடுத்த ஆள்.

அப்போது வருகிறாள் கொமுகி. கண் தெரியாத, மூக்கு ஒழுகுகிற, நாலு வார்த்தை கோர்வையாகப் பேசத் தெரியாத பெண். குங்கி என்கிற ஆட்டத்தில் சாம்பியன். கதைக்காகக் கண்டுபிடித்த ஆட்டம், காய்மேல் காய் அடுக்கலாம். அவள் பலகையைப் பார்க்க முடியாததால் ஒவ்வொரு நகர்த்தலையும் வாயால் சொல்லி ஆடுகிறார்கள். ராஜா தோற்கிறான். மறுபடி தோற்கிறான். அவன் ஒரு படி ஏறினால் அவள் இரண்டு படி ஏறியிருக்கிறாள், ஏனென்றால் இப்படி ஒருத்தன் எதிரில் உட்கார்ந்து ஆடுவது அவளுக்கும் இதுதான் முதல் தடவை! புதுப்புது நகர்த்தல்கள் தலைக்குள் கொட்டுகின்றன என்று சந்தோஷப்படுகிறாள்.

பொறுக்க முடியாமல் ராஜா பந்தயம் கட்டுகிறான். நீ ஜெயித்தால் கேட்டதைத் தருகிறேன், தோற்றால் உன் இடது கை எனக்கு. அவளைக் கலங்கடிக்கச் செய்த மலிவான தந்திரம் அது. அவள் தயங்கித் தயங்கி, கைக்குப் பதிலாக உயிரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் வைத்துக்கொண்டிருந்தது உயிர்தான், கைக்கெல்லாம் அவள் பழகியதே இல்லை. இதைக் கேட்டு ராஜா என்ன செய்தான் தெரியுமா? தன் இடது கையைத் தானே பிய்த்து எறிந்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் கேட்ட மன்னிப்பு. ரத்த வாடை அடித்ததும் அவளோ, முதலில் வைத்தியம் பாருங்கள், இல்லையென்றால் ஆட மாட்டேன் என்கிறாள். உலகத்தையே நடுங்க வைக்கிறவனிடம் 'ஆட மாட்டேன்' என்று சொன்ன முதல் ஆள்.

இங்கே நெட்டெரோவைச் சொல்லியே ஆக வேண்டும். ஹன்டர் சங்கத் தலைவர். 46 வயதில் மலைக்குப் போய், கும்பிட்டு ஒரு குத்து, கும்பிட்டு ஒரு குத்து என்று ஒரு நாளைக்கு 10,000 குத்து. முதல் நாள் 18 மணி நேரம் ஆனது. கணக்குப் போட்டேன், ஒரு குத்துக்கு ஆறரை வினாடி. 50 வயது தாண்டியபோது மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, மிச்ச நேரமெல்லாம் கும்பிடத்தான். இப்படி ஒரு மனுஷனுக்கு எதிரில் யார் நிற்பது? வருஷக்கணக்காக ஒரு நிஜமான எதிரிக்குக் காத்திருந்தவர், கடைசியில் மெருயெம் முன்னால் போய் நிற்கிறார், ராஜாவோ தரையில் உட்கார்ந்துகொண்டு பேசலாம் என்கிறான். சண்டை வேண்டாமாம்! தனக்கே தெரியாத தன்னுடைய பேரை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஜெயித்தால் சொல்கிறேன் என்று கிழவர் ஆசை காட்டித்தான் சண்டையே நடக்கிறது. பாவம் நெட்டெரோ, அவர் தேடி வந்த ஆளுக்கு ஏற்கெனவே எதிரி கிடைத்துவிட்டாள், அவள் அடிபட்டு அரண்மனையில் சிகிச்சையில் கிடக்கிறாள்.

2011 முதல் 2014 வரை ஓடிய அனிமேயில் 135-ஆவது எபிசோட். சண்டையில் தோற்ற நெட்டெரோ தன் உடம்புக்குள் வைத்திருந்து வெடிக்கவைத்த குண்டின் விஷம் ஏறி ராஜாவுக்கு நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. விஷம் உனக்கும் தொற்றும் என்று சொன்ன பிறகும் கொமுகி எழுந்து போகவில்லை. ஆட்டம் தொடர்கிறது. திரை கறுப்பாகிவிடும், குரல் மட்டும் வரும். முதல் தடவை ராத்திரி போனில் பார்த்தபோது நெட் போய்விட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டோ தட்டென்று தட்டினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது, இப்போது நமக்கும் கொமுகிக்குத் தெரிகிற அளவுதான் தெரிகிறது. கறுப்புத் திரைக்குள் ராஜா அவளைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கிறான். இருக்கிறேன் என்கிறாள். நகர்த்தல் சொல்கிறார்கள். மறுபடி, இருக்கிறாயா. நான் ஒரு தடவைகூட உன்னை ஜெயிக்கவே இல்லையே என்கிறான், அந்தக் குரலில் துளிக்கூட வருத்தம் இல்லை. கடைசியாக, என் பேரைச் சொல்லேன் என்று கேட்கிறான். அதுவரை மரியாதையாகவே பேசிவந்தவள், எந்தப் பட்டமும் சேர்க்காமல், மெருயெம் என்று மட்டும் சொல்லி அவனுக்கு இரவு வணக்கம் சொல்கிறாள்.

எடிட்டர் தம்பி, இந்த இடத்தில் மியூசிக் போடாதே. அப்படியே கறுப்பாக விட்டுவிடு.