பழைய ரயில் தடத்துக்குப் பணம் திரட்டுவது

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில் நின்றுபோன தடங்களை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக மாற்றும் வேலை அமெரிக்காவில் பல ஊர்களில் நடந்திருக்கிறது. நன்கொடை கேட்டு அச்சடிக்கும் நோட்டீஸில் மரநிழலும் சைக்கிளில் போகும் குடும்பமும் இருக்கும். ஆனால் கையில் வரும் முதல் பணம் பாதைக்குப் போவதில்லை, பத்திரத்துக்குத்தான் போகிறது.

அங்கே ரயில் கம்பெனிகள் பல இடங்களில் நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ரயில் விடும் உரிமையை மட்டும் எழுதி வாங்கின. தடம் சட்டப்படி கைவிடப்பட்டால் அந்த உரிமையும் போய்விடும், நிலம் பக்கத்துப் பண்ணைக்காரருக்குச் சேரும். நடுவில் ஒரு கிலோமீட்டர் அப்படிப் போனால் போதும், பாதை இரண்டு துண்டு. இதற்காக 1983-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பின்னாளில் ரயில் தேவைப்படலாம் என்று தடத்தை அப்படியே காப்பில் வைத்து, அதுவரை பாதையாகப் பயன்படுத்தலாம் என்றது அது. எதிர்த்துப் போட்ட வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நிலக்காரருக்கு இழப்பீடு சேர வேண்டியிருந்தால் அது மத்திய அரசின் பாடு.

ஆனால் பாதையை ஏற்கும் அமைப்பு நிர்வாகம், வரி, விபத்து வழக்கு மூன்றுக்கும் பொறுப்பேற்பதாக எழுதித் தர வேண்டும். இரண்டு வருடமாக ரயில் ஓடாத தடமென்றால், கைவிடும் அறிவிப்பு அரசிதழில் வந்த 10 நாளுக்குள் மனு போட வேண்டும். அறிவிப்பைப் பார்த்த பிறகு உண்டியலைத் தூக்கினால் காலம் போதாது.

மிசோரி மாநிலத்துக் கேட்டி பாதை இதற்கு நல்ல உதாரணம். மிசோரி–கேன்சஸ்–டெக்சஸ் ரயில் கம்பெனியை மக்கள் ‘கேட்டி’ என்றே அழைத்தார்கள். மிசோரி ஆற்றை ஒட்டிய அதன் தடத்தில் 1986 அக்டோபரில் ரயில் நின்றது. பங்குத் தரகு நிறுவனம் நடத்திய டெட் ஜோன்ஸும் அவர் மனைவி பாட் ஜோன்ஸும் கொடுத்தது மொத்தம் 22 லட்சம் டாலர். அதில் தடத்தின் உரிமைக்குப் போனது ஏறத்தாழ 2 லட்சம்தான். மீதி பாதை போட. அந்தச் சின்னத் தொகை வேளையோடு வராமல் போயிருந்தால், பெரிய தொகைக்கு வேலையே இருந்திருக்காது. 1990-இல் ரோச்போர்ட்டில் முதல் பகுதி திறந்தது. இன்று பாதை சுமார் 240 மைல்.

ஒரு ஜோன்ஸ் கிடைக்காத ஊர்கள் மத்திய அரசின் போக்குவரத்து நிதியைத் தேடிப் போகின்றன. பொதுவான கணக்கு 80க்கு 20. பத்து லட்சம் டாலர் வேலைக்கு ஊர் இரண்டு லட்சம் போட வேண்டும். அந்த இரண்டு லட்சத்தைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அரசு முன்பணம் தருவதில்லை; செலவழித்து, பில் வைத்தால் திருப்பித் தரும். ஒப்பந்தக்காரர் மாதாமாதம் கேட்பார், அரசுப் பணம் ஆடி அசைந்து வரும். அந்த இடைவெளிக்கு வங்கிக் கடனோ சுழல்நிதியோ முன்னதாகவே பேசி வைக்க வேண்டும். அனுமதிக் கடிதத்துக்கு முன் செய்த செலவு திரும்பி வராது. தொண்டர்களின் உழைப்பை ஊரின் பங்காகக் காட்டுவதானால் முன் ஒப்புதலும், நாள்–நேரம் எழுதிக் கையெழுத்திட்ட பதிவேடும் வேண்டும்.

எஸ்டிமேட் கேட்கும்போது பாதையின் மேல் பரப்பும் உடைகல்லின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 300 கன மீட்டர். இறுகிய நிலையில் கன மீட்டருக்கு 2.2 டன் என்று வைத்தால் 660 டன். சுண்ணாம்புக்கல்லை 10 மில்லிமீட்டருக்குக் கீழே உடைத்து, பொடியோடு சேர்த்தே வாங்க வேண்டும். பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று கழுவிய கல்லை வாங்கினால் பிடிப்பு இராது. சைக்கிள் சக்கரம் புதையும். தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டும்போது அந்தப் பொடிதான் கல்லைக் கட்டுகிறது. நடுப்பகுதி ஓரத்தைவிட 3 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் போதும், மழைநீர் தேங்காது.

கல் கொட்டுவதற்கு முன்பே பக்க வாய்க்கால்களையும் தடத்துக்கு அடியில் ஓடும் குழாய்களையும் தூர் வார வேண்டும். வருடக்கணக்கான இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கும். சில இடங்களில் நீர்நாய் போல இருக்கும் பீவர் என்ற விலங்கு அணையே கட்டியிருக்கும். இதை விட்டால் முதல் பெருமழையில் புதுக் கல் போய்விடும். தூர் வாரும் குழாய்க்கு யாரும் பெயர்ப்பலகை கேட்பதில்லை, அதனால் இதற்கு நன்கொடை கிடைப்பது அரிது. பொது நிதியை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

பாலம் அப்படியல்ல, நன்றாக விலைபோகும். ரயில் எஞ்சினைத் தாங்கிய இரும்பு மனிதரைத் தாங்கும். ஆனாலும் தூணின் அடியை வெள்ளம் அரித்திருக்கிறதா என்று பொறியாளர் பார்த்தாக வேண்டும். மேலே பலகையும் இரு பக்கமும் குறைந்தது 107 சென்டிமீட்டர் உயரக் கைப்பிடியும் தேவை. 30 மீட்டர் பாலத்துக்கு 15 சென்டிமீட்டர் அகலப் பலகை சுமார் 200 பிடிக்கும். பலகைக்கு ஒரு கொடையாளர் என்று விற்கலாம். ஆனால் மரம் உளுத்துப் பலகை மாற்றும் நாளில் “எங்கள் அப்பா பெயர் எங்கே?” என்று கேள்வி வரும். ‘பலகை இருக்கும் வரை’ என்று ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.

தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு விற்றுக்கொள்ளலாம் என்ற கனவும் பலருக்கு உண்டு. தண்டவாளம் மீட்டருக்கு 45 கிலோ என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து கிலோமீட்டருக்கு 90 டன், நல்ல காசுதான். ஆனால் பெரும்பாலும் தடத்தை ஒப்படைக்கும் முன் கம்பெனியே பெயர்த்துக்கொண்டு போய்விடும். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் கிடந்தால் அது வரவல்ல, செலவு. மரம் உளுக்காமல் இருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறிய மரம். எரிக்கவும் கூடாது, உட்காரும் பெஞ்சு செய்யவும் கூடாது.

பராமரிப்புக்கு மிசோரியில் ஒரு கொடுப்பினை உண்டு. மாநிலப் பூங்காக்களுக்கும் மண் பாதுகாப்புக்கும் என 1984-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விற்பனை வரி, சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு. 1993 பெருவெள்ளம் பாதையின் நீண்ட பகுதிகளைக் குலைத்தபோது, சீர்செய்யப் பொறுப்பான ஒரு அரசுத் துறை இருந்தது. அப்படி வரி இல்லாத ஊர்க்குழுக்கள் பாதைக்கு அடியில் கேபிளும் குழாயும் பதிக்க இடத்தை வாடகைக்கு விடுகின்றன. அந்த ஒப்பந்தத்தில், தோண்டுகிறவரே கல்லைப் பழைய கனத்துக்குப் போட்டு ரோலர் ஓட்டித் தர வேண்டும் என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

வணக்கம்.