அழற்சியா, தசையா? நேயரின் கேள்விக்கு விளக்கம்

"ஆஸ்துமா ஓர் அழற்சி நோய் என்று சென்ற உரையில் கூறினீர்கள், அப்படியானால், தசையைத் தளர்த்தும் சால்புட்டமாலை உள்ளிழுத்த சில நிமிடங்களில் மூச்சு எப்படிச் சீராகிறது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இதைப் படித்ததிலிருந்து என் மனம் இதிலேயே இருக்கிறது.

மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள மென்தசையை, அழற்சியின்போது செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருள்களும் நரம்பு முனைகள் விடும் அசிட்டைல்கோலினும் தூண்டும்போது, தசைச் செல்களுக்குள் கால்சியம் உயர்ந்து அவை சுருங்குகின்றன. சீரான காற்றோட்டத்தில் குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இங்கும் அதுவே முக்கியம். சால்புட்டமால் இந்தச் சுருக்கத்தை விடுவிப்பதால் நிம்மதி உடனே கிடைக்கிறது, ஆனால் சுவரின் அழற்சி அப்படியே இருக்கிறது. அதைத் தணிக்கத்தான் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு தேவைப்படுகிறது.

இதனால் தசையை அழற்சியின் வெறும் ஏவலாள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்துமாவால் இறந்தவர்களின் மூச்சுக்குழல்களில் தசை தடித்திருந்ததை ஹூபர், கெஸ்லர் என்ற ஆய்வாளர்கள் 1922 ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தனர். 2002 இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கூர்மையானது. இயோசினோபில் என்ற வெள்ளையணுக்கள் மிகுந்த ஒருவகை மூச்சுக்குழல் அழற்சியில் இருமல் உண்டு, ஆஸ்துமாவைப் போன்ற அழற்சியும் உண்டு, ஆனால் குழல் குறுகுவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டபோது, ஆஸ்துமாவில் மட்டுமே, ஹிஸ்டமினை வெளியிடும் மாஸ்ட் செல்கள் தசைக்குள்ளேயே மிகுதியாகக் குடியேறியிருந்தன. அழற்சி இருக்கிறதா என்பதோடு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் நோயைத் தீர்மானிக்கிறது. தசைச் செல்களும் சும்மா இருப்பதில்லை. அழற்சிச் செல்களை ஈர்க்கும் வேதிப்பொருள்களை அவையே சுரக்கின்றன.

நேயர் இன்னும் ஒன்றைக் கேட்டிருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன்: அதே தசை உள்ள நலமானவர்களுக்கு ஏன் குழல் அடைபடுவதில்லை? 1995 இல் வெளியான ஓர் ஆய்வில், நலமானவர்களை ஆழ்மூச்சு எடுக்க விடாமல் தடுத்து, தசையைச் சுருக்கும் மெத்தாகோலினைக் கொடுத்தார்கள். அவர்களுடைய குழல்களும் ஆஸ்துமா உள்ளவர்களுடையவை போலக் குறுகின. நாம் அறியாமலே அவ்வப்போது விடும் பெருமூச்சு, தசையை இழுத்து, அதன் புரத இழைகளுக்கு இடையிலான பிணைப்புகளை அறுத்து, அது இறுகிப்போகாமல் காக்கிறது. ஆஸ்துமாவில் இந்தப் பாதுகாப்பு குன்றிவிடுகிறது. கடுமையான நோயுள்ள சிலருக்கு ஆழ்மூச்சே குழல்களை மேலும் குறுக்குகிறது. ஆகவே திணறுபவரிடம் "நன்றாக மூச்சை இழுத்து விடு" என்று சொல்வதைவிட, அவருடைய நிவாரண இன்ஹேலரை உடனே எடுத்துக் கொடுங்கள்.