தாத்தா வீட்டுக்குப் பிறகும்

பெரியோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பெரியப்பா மகன், சித்தி மகள், மாமன் மகன், அத்தை மகள் என்று நம் எல்லோருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. பெற்றோர் நமக்கு முன்பே போய்விடுவார்கள். கணவனோ மனைவியோ பாதி வழியில்தான் வந்து சேருகிறார்கள். அரை டிராயர் வயதில் நம்மைப் பார்த்து, அறுபதாம் கல்யாணத்துக்கும் வந்து நிற்பவர்கள் உடன்பிறந்தவர்களும் இவர்களும்தான். ஆனால் இது தானாக நிற்கிற உறவு இல்லை. தாத்தா பாட்டி இருக்கும்வரை அவர்கள் வீடு பேரப்பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும். அந்தக் காலத்துக்குள் பிள்ளைகளுக்கு நடுவே நேர்ப்பழக்கம் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டோடு அதுவும் போய்விடும்.

ஒரு கணக்குப் பாருங்கள். அப்பாவுடன் பிறந்தவர்கள் 4 பேர், அம்மாவுடன் 4 பேர், ஆளுக்கு 3 பிள்ளைகள் என்றால் மொத்தம் 24 பேர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர் ஒருவர்தான், அவர்களுக்கும் ஒற்றைப் பிள்ளைதான் என்றால் வெறும் 2 பேர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் வேண்டும். பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட அண்ணனோ தம்பியோ வேண்டும். ஒற்றைப் பிள்ளை வீட்டில் அந்த இடத்தில் வந்து நிற்கப்போவது பெரியப்பா மகளும் சித்தி மகனும்தான். முடிச்சுப் போடும் நேரத்தில், “யார் இந்தப் பொண்ணு?” என்று மாப்பிள்ளையே தன் அம்மாவிடம் கேட்கிற நிலை வரக் கூடாது.

டெல்லியில் இருக்கும் நமக்கு முதல் சிக்கல் பள்ளி விடுமுறை. இங்கே அரசுப் பள்ளிகளில் கோடை விடுமுறை மே 11 வாக்கில் தொடங்கி ஜூன் 30 வரை. தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியில் விட்டு, ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒத்து வருவது சுமார் 3 வாரம். டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஜூன் நடுவில் போனால், நம் பிள்ளை போய் இறங்கும்போது மாமன் மகன் யூனிஃபார்ம் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பான். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே 11 பயணத்துக்கு மார்ச் 12 காலை 8 மணிக்கே உட்கார வேண்டும். ஆண்டுத் தேர்வு நேரம்தான். அதனாலேயே மறந்து போகிறது. நாலு ஊர், ஆறு கோவில் என்று சுற்றாமல் ஒரே வீட்டில் 10 நாளாவது பிள்ளைகளை விடுங்கள். முதல் இரண்டு நாள் கூச்சத்திலேயே கழியும். 3 நாள் பயணத்தில் அதற்குமேல் மிஞ்சுவது திரும்புகிற நாள்தான்.

அடுத்தது பேச்சு. நம் பிள்ளைகளுக்கு இந்தி முந்திக்கொண்டு வரும். அங்கே ஒருவன் கேலி செய்வான், நாமும் எல்லார் முன்னாலும் “தமிழ்ல பேசுடா” என்று அதட்டுவோம். அதோடு வாய் மூடிவிடும். விளையாட்டை முன்னால் விடுங்கள். கேரம் போர்டுக்கும் பல்லாங்குழிக்கும் அதிகம் பேச வேண்டாம். அழுகுணி ஆட்டம் என்று சண்டை வந்ததும் தமிழ் தானாக வரும். இரண்டு பேரை மட்டும் மாவு வாங்கவோ ஐஸ் வாங்கவோ அனுப்புங்கள். ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே வந்துவிடுங்கள். பெரியவர்கள் காதுக்கு எட்டாத இடத்தில்தான் இந்த உறவு முளைக்கிறது.

அதைக் கெடுப்பதும் பெரியவர்கள்தான். “அவளைப் பாரு, 490 வாங்கியிருக்கா” என்ற ஒரு பேச்சு போதும். அடுத்த வருஷம் பிள்ளை ஊருக்கே வர மறுக்கும். எந்த நிலையிலும் மார்க்கை ஒப்பிடாதீர்கள்.

பெரிய விரிசல் சொத்தில் வருகிறது. தாத்தா பெயரில் பிரிக்காமல் கிடக்கும் வீட்டை, பிள்ளைகள் நாலு பேரும் உயிரோடு இருக்கும்போது பிரித்தால் 4 கையெழுத்து. அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிட்டால், ஆளுக்கு 3 வாரிசு என்றாலே 12 கையெழுத்து, ஒவ்வொரு சாவுக்கும் வாரிசுச் சான்றிதழ், ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாமல். பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் பிற்பாடு நீதிமன்றத்துக்குப் போகிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் வந்துவிட்டது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, பட்டாவையும் பெயர் மாற்றிவிடுங்கள். டெல்லியிலிருந்து வர முடியவில்லை என்று படித்துப் பார்க்காமல் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். பிற்பாடு ஏமாற்றிவிட்டான் என்ற பழி பெரும்பாலும் பெரியப்பா மகன் தலையில்தான் விழும்.

ஏற்கெனவே பேச்சு நின்று போனவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். நல்லதற்கு அழைத்தால்தான் போவோம், கெட்டதற்கு அழைக்காமலே போவோம் என்பது நம் வழக்கம். ஆகவே துக்க வீட்டுக்குப் போகத் தயங்க வேண்டாம். அங்கே பழைய கணக்கை மட்டும் எடுக்காதீர்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்து உங்கள் வீட்டில் ஒரு காதுகுத்தோ கல்யாணமோ வரும்போது, பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பாமல், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே போன் செய்து, அழைப்போர் வரிசையில் அவர் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.